கேட்டவளுக்கு அம்பு

சிப்போராவின் விலாவில் அம்பு ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. மற்றபடி அது நல்ல நாள்தான்.

பவளக்காரத் தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அந்த மரபணு ஆலோசனை நிலையம் இருந்தது. தெருவில் மிச்சமிருந்த யூதக் குடும்பங்களுக்காகவே திறந்தார்கள். யாரும் படியேறியதில்லை. மல்கா சித்தியின் மகன் ஏலி உட்காரக் கற்றான். பிறகு உட்கார மறந்தான், பார்க்க மறந்தான், கடைசியில் மூச்சுவிடவும் மறந்துவிட்டான். அவனுக்கு அப்போது நான்கு வயது. எஸ்ராவோடு நிச்சயம் முடிந்ததும் சிப்போராவுக்கு அவன் நினைவு வந்தது. படியேறினாள்.

ஆலோசகர் சுவரில் அவள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சித்தியின் வட்டத்தில் பாதிக்குக் கறுப்பு பூசினார். சித்தப்பாவின் சதுரத்திலும் பாதி. அம்மாவுக்கும் பாதி. ஏலியின் சதுரத்தை முழுக்கப் பூசி, இறந்தவன் என்பதால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"பாதி கறுப்பா இருந்தா என்ன ஆகும் சார்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. நூறு வயசு இருக்கலாம். பாதியும் பாதியும் கல்யாணம் பண்ணாத்தான் தொல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு, முழுசாக் கறுக்க வாய்ப்பு."

"எனக்கு?"

அவர் அவள் விரலைக் குத்தி ரத்தத்தை முகர்ந்து பார்த்தார். அவளுடைய வட்டத்தில் பாதியைப் பூசினார். அவளுடைய இடது பாதி கறுத்தது. வலிக்கவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ஓர் அம்பை எடுத்தார்.

"இது எதுக்கு?"

"முதல்ல வந்து கேட்டவங்களுக்கு அம்புக்குறி போடணும். வேற யாராவது கேட்டா அவங்களுக்குப் போயிடும். கையைக் கொஞ்சம் தூக்குங்க."

அது வலித்தது.

வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு இப்போதே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கறுத்த இடது கையை மாவுக்குள் அமுக்கிக்கொண்டாள்.

"உன்னை யாருடி போய்க் கேக்கச் சொன்னது?"

"ஏலி மாதிரி ஒரு பிள்ளை..."

"ஏலிக்குக் கண்ணு பட்டுச்சு. அவ்வளவுதான். இந்தக் குச்சியோட எப்படிடி பொடவை கட்டுவே?"

தங்கை நவோமி கண்ணாடி முன் நின்று இடது கன்னத்துக்கு மட்டும் பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள்.

எஸ்ராவும் அவன் அம்மாவும் வந்தார்கள். எஸ்ரா இடது கையில் மட்டும் கையுறை போட்டிருந்தான். சென்னையில், மே மாதத்தில். எப்போதுமே போடுவான். சிப்போரா இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.

"நீங்களும் ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வாங்களேன்," என்றாள்.

எஸ்ரா அம்பைப் பார்த்தான். "கேட்டா அது எனக்கு வந்துடுமா?"

"ஆமா."

அவன் டீயை ஊதினான்.

"பொண்ணு தங்கமான பொண்ணு," என்றாள் அவன் அம்மா. "ஆனா எங்க வீட்டு வாசல் குறுகலு. போக வர இடிக்கும். சின்னவ இருக்கால்ல?"

டீ ஆறுவதற்குள் பேசி முடித்தார்கள். நவோமி ஒரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்தில் மணப்பந்தலின் நான்கு கொம்புகளில் ஒன்றைப் பிடிக்கச் சிப்போராவுக்குச் சொன்னார்கள். அம்பு போட்டோவில் விழாத மூலை அது. ஆலோசகர் மை டப்பாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அவங்ககிட்டச் சொல்லுங்க சார்," என்றாள் சிப்போரா.

"கேட்டாத்தான்மா சொல்லலாம். யாரையும் வற்புறுத்தக் கூடாது." அவர் முந்திரி மென்றார்.

பந்தலுக்குக் கீழே நவோமி திரும்பினாள். வியர்வையில் பவுடர் கரைந்து, இடது கன்னம் தெரிந்தது.

"அக்கா, எனக்கும் அந்த..."

விலாவில் அம்பு அசைந்தது. கொஞ்சம் வெளியே வந்தது. சிப்போராவால் ஆழமாக மூச்சுவிட முடிந்தது. கேளுடி, கேட்டு முடி என்று நினைத்தாள். தங்கைக்காக நினைத்தாளா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அம்மா ஓடிவந்து நவோமியின் வாயில் ஒரு லட்டைத் திணித்தாள்.

கல்யாணம் முடிந்ததற்கு அடையாளமாக எஸ்ரா காலடியில் வைத்த கண்ணாடிக் குவளையை மிதித்து உடைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அம்பு பழைய இடத்துக்கே போனது.

ஆலோசகர் எழுந்து மண்டபச் சுவரில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் வரைந்தார். இரண்டிலும் பாதியைப் பூசினார். இடையிலிருந்து ஒரு கோட்டைக் கீழே இறக்கி, முனையில் சிறிய சாய்சதுரம் ஒன்று போட்டார்.

"அது யாரு?" என்றாள் சிப்போரா. அவள் கேட்கலாம். அவளிடம்தான் ஏற்கெனவே அம்பு இருக்கிறதே.

"இன்னும் பொறக்காதவங்கம்மா."

அவர் தூரிகையை நனைத்து இடப்பக்கத்திலிருந்து பூச ஆரம்பித்தார். விருந்தாளிகள் சாப்பிடப் போனார்கள். சாய்சதுரத்தின் சரிபாதியில் தூரிகை காய்ந்தது. சிப்போரா கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆலோசகர் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் இன்னும் கொஞ்சம் மை இருந்தது.