போதுமான அளவுக்கு அனாதை

1

இந்தக் கதை என் மனதில் உதித்தது அல்ல. தமிழ்த்துறை ஆசிரியர் என் தலையில் கட்டியது. வராந்தாவில் என்னைப் பிடித்து நிறுத்தி, நம் கல்லூரி மாணவி ஒருத்திக்கு ஓர் அறக்கட்டளை படிப்புச் செலவு தருகிறது, அவர்களுடைய ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்றார்.

"காப்பகத்துலயும் வளர்ப்புக் குடும்பத்துலயும் இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டறாங்கப்பா. நல்ல காரியம். படிச்சா கண்ணு கலங்கணும்."

"யாரு கண்ணு சார்?"

"படிக்கிறவங்க கண்ணு."

"காலேஜ் பத்திரிகையில நான் நக்கல் பக்கம்தானே சார் எழுதறேன்?"

"சிரிக்க வைக்கிறவனுக்கு அழ வைக்கிறது என்ன பெரிய வேலையா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நேர்காணல்ல பாதி ஃபீஸ்தான் தருவாங்க. கதையைத் தலைவர் படிச்சுப் பார்ப்பார். அவருக்குப் பிடிச்சாத்தான் மீதி. இல்லைன்னா…"

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் முடிக்கிறேன்: இல்லையென்றால் அந்தப் பெண் பரீட்சை எழுத முடியாது.

ஆக, ஒருத்தியின் ஹால் டிக்கெட் என் உவமைகளை நம்பி இருக்கிறது. என் உவமைகளைப் படித்தவர்கள் இந்நேரம் அவளுக்காக உண்மையாகவே கலங்கியிருப்பார்கள்.

2

முதல் தொடக்கம்:

"அன்று வானம் பிளந்து மழை கொட்டியது. காப்பகத்தின் வாசலில் ஒரு பிஞ்சு மலர்—"

இதைக் கதாநாயகிக்கே படித்துக் காட்டினேன். புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. அவளை வளர்த்தவர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் கிளட்ச்.

"மழை எங்கடா வந்துச்சு?"

"சோகத்துக்கு."

"நான் போய் இறங்கினது மத்தியானம். மண்டையைப் பொளக்கிற வெயில். கையில பாதி தின்ன பிஸ்கட் பாக்கெட்டு."

"அதை யாராவது பிடுங்கினாங்களா?"

"இல்ல, நானே ரெண்டு பேருக்குக் குடுத்தேன்."

"நீ கொஞ்சம் ஒத்துழைக்கலாம்."

இரண்டாவது தொடக்கம்:

"இப்பரந்த உலகில் அவளுக்கென்று யாருமே—"

"யாருமே இல்லையா? அப்ப காலைல 'எந்திரிடி எருமை'ன்னு போர்வையை உருவினது என்ன, பேயா?"

மூன்றாவது தொடக்கம்:

"துன்பம் அவளை—" (துன்பம் ஏதாவது செய்ய வேண்டும். அவள் வாழ்க்கையில் அது தரமான ஒரு வினைச்சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை.)

* வாசகருக்கு ஓர் அடிக்குறிப்பு: குறைந்தபட்சம் அவளுக்கு யாராவது சூடு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு சொட்டு விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம் என்றுதானே இந்த மலரைக் கையில் எடுத்தீர்கள்? உங்கள் ஜீரணத்துக்கு இந்தப் பெண்ணால் எந்த உதவியும் இல்லை. மன்னிக்கவும்.

3

இப்போது கதையைக் கெடுக்கும் பாத்திரம் வருகிறார்.

பதினோரு வயதில் கிளட்ச் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அழைத்துவந்த குழந்தைகள் நல அலுவலர் "அம்மான்னு கூப்பிடு" என்றிருக்கிறார். இரண்டு பேருக்கும் கூச்சம். கடைசியில் 'சித்தி'யில் சமாதானமாகிவிட்டார்கள். பழகுநர் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்தே பிழைத்தவர் என்பதால், சித்தி சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் வேகமாகப் பேசினால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்க வந்தபோது தரையே உள்வாங்கியிருக்கும் என்கிறாள் கிளட்ச்.

கிளட்சுக்குப் பதினெட்டு முடிந்ததும் அரசு தந்த பராமரிப்புத் தொகை நின்றது. சித்தியைக் கூப்பிட்டு அலுவலர் சொன்னார்:

"உங்க பொறுப்பு முடிஞ்சுதும்மா. சட்டப்படி இனிமே நீங்க யாரோ, அவ யாரோ."

"சரி சார். சாயங்காலம் யாரோ ஒருத்தி எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவா. பரவாயில்லையா?"

இதை எழுதி ஆசிரியரிடம் காட்டினேன். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'இப்பாத்திரம் தேவையில்லை. நீக்கவும்.'

"ஏன் சார்? நல்லாத்தானே பேசறாங்க?"

"அதான் பிரச்சனை. ஆதரவுன்னு ஒரு ஆள் இருந்தா உதவிக்குத் தகுதி இல்லைப்பா. அறக்கட்டளை விதி."

"வளர்ப்புக் குடும்பத்துல வளர்ந்திருக்கலாம். வளர்த்தவங்க மட்டும் இருக்கக் கூடாது?"

"இருக்கலாம். எங்கேயாவது. இவ கூட இருக்கக் கூடாது."

இந்த இடத்தில் நான் கட்டுரையாளனாக மாறி ஒரு பத்தி எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு ஒரே வாக்கியமாக்கினேன். இந்தச் சித்தி பணம் தர வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு 'யாரோ'; பணம் தர வேண்டிய இன்னோர் அலுவலகத்துக்கு 'குடும்பம்'. உறவுமுறையில் இரண்டு இடத்துக்கும் குழப்பமே இல்லை. எப்படிக் கூப்பிட்டால் பணம் பெட்டியிலேயே இருக்குமோ, அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

4

(நீக்கப்பட்டது. இங்கே ஆசிரியரின் ஆலோசனைப்படி நிலா, தலையணை, ஈரம் எல்லாம் சேர்ந்த ஒரு காட்சி இருந்தது. கிளட்ச் படித்துவிட்டு, "தலையணை நனைஞ்சா காயவே காயாதுடா, முட்டாள்" என்றாள்.)

5

நேர்காணலுக்கு என்னையும் அனுப்பினார்கள், நேரில் பார்த்து உருகிவிட்டு வா என்று.

அறக்கட்டளைத் தலைவர் டைல்ஸ் வியாபாரி. கடையின் மாடியில் அலுவலகம். தரையிலும் டைல்ஸ், சுவரிலும் டைல்ஸ். பெரிய குளியலறை ஒன்றில் நமக்கு வாழ்வு தரக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். தலைவர் பக்கத்தில் செயலாளர் அம்மா. அவர் முன்னால் டிஷ்யூ பெட்டி. பதில் சோகமாகப் போனால் பெட்டியை விண்ணப்பதாரர் பக்கம் தள்ளுவார். எங்களுக்கு முன்னால் போன பையன் திறமைசாலி. பெட்டி பாதி காலியாகியிருந்தது.

வரவேண்டாம் என்று சொல்லியும் சித்தி வந்திருந்தார். அடுத்தவர் ஓட்டுகிற எந்த வண்டியிலும் கிளட்ச் போவது அவருக்குப் பிடிக்காது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, விதிகளைச் சட்டம் போட்டு மாட்டிய சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கால் அழுத்திக்கொண்டே இருந்தது.

"சொல்லும்மா. ரொம்பக் கஷ்டப்பட்டியா?" என்றார் தலைவர்.

"ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கத்தான் சார் ரொம்ப நாளாச்சு."

"வளர்ந்த வீட்டுல அடிப்பாங்களா?" செயலாளர் அம்மா நம்பிக்கையோடு பெட்டியில் கை வைத்தார்.

"இல்ல மேடம். நான்தான் ஒரு தடவை கார் கதவுல அவங்க விரலை நசுக்கிட்டேன்."

பெட்டி திரும்பிப் போனது. தலைவரின் பார்வை கண்ணாடிக் கதவுக்குப் போனது.

"வெளியில உட்கார்ந்திருக்கிறது யாரும்மா? உன் கூடத்தானே வந்தாங்க?"

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) கிளட்ச் எழுந்து நிற்கிறாள். "அவங்கதான் என்னைப் பெறாத தாய்!" நாற்காலி பின்னால் விழுகிறது. கைதட்டல். பிறகு கட்டணம் கட்டாததால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பகுதி வருவதற்குள் கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

(ஆ) தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "விதியா பெரிசு? மனுஷங்கதான்மா பெரிசு!" (இதை எழுதும்போது என் பேனாவே சிரித்துவிட்டது.)

(இ) "தெரியாது சார்" என்கிறாள் கிளட்ச். பணம் கிடைக்கிறது. படிக்கிறாள், பெரிய ஆளாகிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலையில் போர்வையை யாரும் உருவு—

போதும். நடந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டதும் கிளட்ச் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது. சித்தி தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சார், வண்டி நோ பார்க்கிங்ல நிக்குது. சவாரிக்கு இன்னும் நேரமாகுமா?"

"ஓ, நீங்க டிரைவரா?"

"ஆமா சார். டிரைவர்."

"லேடி டிரைவரா! நல்லது, நல்லது. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்குங்க. நம்ம லோடு லாரி வரும்."

"சரிங்க சார்."

கதவு மூடியது. கிளட்சின் வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி படியிறங்குவதைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். சத்தமே இல்லாமல், நிற்காமல்.

செயலாளர் அம்மா பெட்டியையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

"பாவம் சார். யாருமில்லாத பொண்ணு."

பாதிக் கட்டணம் அங்கேயே அனுமதியானது. மீதிக்கு என் கதை வர வேண்டும்.

7

இதுவரை எழுதியதைப் பழகுநர் காரில் வைத்துக் காட்டினேன். கிளட்ச் ஓட்டினாள், சித்தி அவள் பக்கத்தில், நான் பின்னால். அந்த நேர்காணலுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரோடொருவர் சாலை விதிகளை மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சித்தி கடைசித் தாளை மடியில் வைத்தார்.

"நல்லாருக்கு தம்பி. என்னை மட்டும் எடுத்துடு."

"உங்களை எடுத்தா அரைப் பக்கம்தான் சித்தி மிஞ்சும்."

"அரைப் பக்கம் போதும். ஃபீஸ் முழுசா வரும்ல?"

"எடுத்த, தொலைஞ்ச நீ" என்றாள் கிளட்ச், சாலையைப் பார்த்தபடி.

"இவ பேச்சைக் கேக்காத தம்பி. பரீட்சை எழுதட்டும். நான் என்ன பொய்யா சொன்னேன்? டிரைவர்தானே நான்?"

"சவாரின்னு சொன்னீங்க."

"ஏதோ வாயில வந்துச்சுடி."

"இத்தனை வருஷமும் நான் சவாரியா?"

இருவரில் யார் பிரேக்கை மிதித்தார்களோ தெரியாது. வண்டி நடுச்சாலையில் நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலேயே எங்கள் பரம்பரையை விசாரித்தார்கள்.

கிளட்ச் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு வாய் என்கிட்ட இருந்துச்சு. தொறந்தும் பேசல. இன்னைக்கு உன் வாயை வாடகைக்கு எடுத்துக்கறேன். ஒரு வரி மாத்தாம அப்படியே குடு."

"பரீட்சை?"

"அதை அந்தாளு முடிவு பண்ணட்டும். தலைவர்னா சும்மாவா?"

"அடி, ஒரு வருஷப் படிப்புடி…" என்று தொடங்கிய சித்தி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "மிரரைப் பாருடி. பின்னாடி லாரி நிக்குது" என்றார். கிளட்ச் முதல் கியரைப் போட்டாள்.

8

தலைவர் ஐயா, இந்தப் பிரதி முதலில் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது. ஆசிரியரிடம் காட்டவில்லை, அவருக்கு இரத்த அழுத்தம். வெளியே உட்கார்ந்திருந்தவர் டிரைவர் அல்ல. அவளுடைய சித்தி. உங்கள் சுவரில் மாட்டியிருக்கிறபடி பார்த்தால், அவளுக்கு ஒருத்தர் இருக்கிறார் என்பதுதான் அவள் மேல் உள்ள ஒரே குற்றம். விதியை மாற்றுவதா, அவளை மாற்றிவிட்டுப் போதுமான அளவுக்கு அனாதையான வேறு ஒருவரைத் தேடுவதா என்பது உங்கள் பாடு. உருக்கமாக இல்லை என்று தோன்றினால் டிஷ்யூ பெட்டி பக்கத்தில்தான் இருக்கும். மூக்கையாவது சிந்திக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: முடிவு எங்கே என்று தேடாதீர்கள். நான் எழுதவில்லை. ஆனால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது. இதை வழவழப்பான கெட்டித் தாளில், எதிர்ப் பக்கத்தில் தலைவரின் வாழ்த்துரையோடு படித்துக்கொண்டிருந்தால், அவள் பரீட்சை எழுதிவிட்டாள். என் நக்கலில் பாதியை நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், மனமில்லாமல். ஓரம் கறுத்த, எழுத்து மங்கிய ஜெராக்ஸ் நகலாக, கேன்டீன் தூணில் ஒட்டியிருப்பதை நின்றபடி படித்துக்கொண்டிருந்தால்—

தாளைத் தடவிப் பாருங்கள்.