ரத்து செய்த வரி

அக்காவின் குஞ்சு பொரிப்பகத்தில் ஆறாயிரம் முட்டைகள், நாளை பொரிய வேண்டியவை. அந்த இன்குபேட்டரை ஓட்டும் புரோகிராம் என்னுடையது. இன்று காலை சூடு இரண்டு டிகிரி குறைந்துபோனதும் என் கைங்கரியம்தான்.

ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமலே உள்ளே கைவிட்டுத் திருத்த ஒரு டீபகர் எழுதி வைத்திருக்கிறேன். போனில் நான் சொல்லச் சொல்ல, சூட்டில் இரண்டு கூட்டும் கட்டளையை அக்கா அடித்தாள். முப்பத்தேழரைக்கு வந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

"டேய், விசிறியையும் கொஞ்சம் கூட்டலாம்னு நானா ஏதோ அடிச்சேன். இப்ப அடுத்த வரி கேட்டுக்கிட்டே நிக்குது."

"உன்னை யாருக்கா அதைத் தொடச் சொன்னா?"

மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருப்பாள்; கட்டளை இன்னும் முடியவில்லை என்று டீபகர் காத்திருக்கிறது. மூடினால் அரைகுறைக் கட்டளை ஓடிவிடும். வழக்கமாக எதையும் நிறுத்தும் கன்ட்ரோல்-சி அடித்தால் புரோகிராமே செத்து ஹீட்டர் அணைந்துவிடும். நல்லவேளை, போன வாரம்தான் 'ரத்து' என்று ஒரு கட்டளை சேர்த்திருந்தேன். பாதியில் நிற்பதை மட்டும் தூக்கியெறியும், ஓடுவதைத் தொடாது.

"ரத்துன்னு அடிச்சு என்டர் தட்டு."

சொல்லி வாய் மூடவில்லை, நினைவு வந்தது. ரத்தை எப்படி எழுதினேன்? அடித்ததை அழித்துவிட்டு, வெற்று வரி ஒன்றை டீபகரிடம் கொடுக்கிறேன். வெற்று வரி வந்தால் கடைசிக் கட்டளையை மறுபடி ஓட்டு என்று, சோம்பேறிகளின் வசதிக்காக வைத்த புண்ணியவானும் நான்தான். விசிறிக் கட்டளை ஓடவே இல்லை; கடைசியாக ஓடியது, இரண்டு கூட்டு.

"அக்கா, தட்டாதே!"

"தட்டிட்டேனே. ஐயையோ, முப்பத்தெட்டுடா. இன்னும் ஏறுது!"

முப்பத்தொன்பதரை வரை போகும். அத்தனையும் உள்ளேயே வெந்துவிடும்.

"ரெண்டு குறைன்னு அடி. ஒரே ஒரு என்டர். அப்புறம் கையை எடுத்துடு, சும்மாகூடத் தட்டிடாதே."

கீபோர்டுச் சத்தம் கேட்டது. முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"இறங்குது," என்றாள் கடைசியில். "முப்பத்தேழரை."

"என் தப்புக்கா. ஒரு மணி நேரத்துல சரி பண்ணி அனுப்பறேன். நீ அதைப் போட்டுட்டு..."

"அனுப்பாதே. நீயே கிளம்பி வா. முட்டைக்குள்ள ஒண்ணு ரெண்டு கத்த ஆரம்பிச்சிடுச்சு. காது வச்சா கேக்குது. இனிமே நீ சொல்லி என்டர் தட்ட எனக்குக் கை வராதுடா."