கிழக்குச் சுவர்

நிலத்தை விற்றுக் குளிரை வாங்குவதா என்ற பேச்சு அந்த வீட்டில் பங்குனி முழுக்க ஓடியது.

தெய்வசிகாமணிக்கு இதயம் வீங்கிப் போயிருந்தது. மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்தே கிடந்தார். கோடை வெக்கையை இந்த உடம்பு தாங்காது, அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பளம் பகுதியிலிருந்த வீட்டில் அவர் அறைக்கு மேற்கே ஒரு சின்ன ஜன்னல்தான். கிழக்கே தென்னந்தோப்பு. தோப்பு வழியாகத் திருடன் வருவான் என்று, வீடு கட்டும்போது அந்தப் பக்கம் ஜன்னலே வேண்டாமென்றவர் அவர்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியிறக்கி நாலு வருஷமாகியும் போகாமலிருந்த ஒரு துரை அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய குளிர் மிஷின் விலைக்கு வருவதாக மகன் கோவிந்தராசு கேட்டு வந்தான். அதற்குப் பாகூர் நஞ்சையில் பாதி போய்விடும்.

"நெல்லு வெளையற மண்ணக் குடுத்துட்டுக் காத்த வாங்கணுமாடி அஞ்சலாட்சி? ஊருல சிரிப்பாங்க," என்றார் தெய்வசிகாமணி மனைவியிடம்.

"சிரிக்கட்டும். நெலம் எங்கூட வம்பு பேசாது. நீங்க பேசுவீங்க."

"மீதி நெலத்தக் கரண்டுக்காரன் பேருக்கு எழுதி வெச்சிடு அண்ணி," என்றாள் நாத்தனார் தையல்நாயகி.

நிலம் போயிற்று. மரப்பெட்டிக்குள் மிஷின் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. மேற்கு ஜன்னலில் அது நுழையாது. மறுநாள் கொத்தனார் கன்னியப்பன் கிழக்குச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் சதுரம் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மருமகள் அமிர்தவல்லி மோர் கொண்டுவந்தாள். கன்னியப்பன் அவள் வயிற்றைப் பார்த்தார். கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

"என்னம்மா இது, சொல்லவேயில்லியே! புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுல ஆணிகூட அடிக்க மாட்டாங்க. செவுத்த இடிக்கச் சொல்றீங்களே!"

அஞ்சலாட்சிக்குத் தெரியாததல்ல. கணவர் மூச்சைக் கேட்டுக் கேட்டு அது மறந்தே போயிருந்தது. அமிர்தவல்லிக்கு ஏற்கெனவே இரண்டு கலைந்து, இது மூன்றாவது. அனுப்பி வைக்கத் தாய் வீடும் இல்லை. "எங்க போனாலும் அவ சொமக்கறது இந்த வூட்டுப் புள்ளதானே," என்றாள் தையல்நாயகி.

"இடிக்கச் சொல்லுங்கத்த," என்றாள் அமிர்தவல்லி. "மாமா மூச்சுக்குத் தவிக்கறதப் பாக்க முடியல." ஆனால் கை வயிற்றை விட்டு நகரவில்லை.

கன்னியப்பன் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடப்பாரை அங்கேயே நின்றது. மற்றவர்கள் கண்ணயர்ந்த மத்தியானத்தில் அஞ்சலாட்சி அதைத் தூக்கிச் சுண்ணாம்புக் கோட்டில் வைத்தாள்.

"கீழ வெச்சிடுடி," என்றார் அவர் கட்டிலிலிருந்து.

"ஒரே ஒரு கல்லு பேத்துப் பாக்கறேங்க. ஒண்ணும் ஆவலன்னா..."

"ஆயிட்டா? அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்ப? மிஷினு எங்கயும் ஓடிடாது. நானும் இங்கதான் கெடப்பேன்."

அவள் கடப்பாரையை வைத்துவிட்டு விசிறியை எடுத்தாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தாள். தெளித்த ஈரம் அவள் திரும்புவதற்குள் காய்ந்தது. ஒரு உச்சிப்பொழுதில் அவர் மூச்சு நின்றது. அது தெரியாமல் அவள் விசிறிக்கொண்டேயிருந்தாள்.

ஆனி பிறந்ததும் அமிர்தவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி, நல்ல குரல். தீட்டுக் கழிந்ததும், வாங்கினது குழந்தைக்காவது ஆகட்டும் என்று கோவிந்தராசு கன்னியப்பனை அழைத்துவந்தான். அஞ்சலாட்சி ஆளில்லாத கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் சதுரம் திறந்தது.

திறந்த கையோடு தோப்புக்கு அப்பாலிருந்து கடல் காற்று உள்ளே நுழைந்தது. நேரே அவர் தலை வைத்திருந்த இடத்துக்கு வந்தது; விரிப்பின் ஓரத்தைத் தூக்கியது.

"அடேயப்பா!" கன்னியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இவ்ளோ காத்து இருக்க, மிஷினு எதுக்கும்மா?"

கேட்ட பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஜன்னலா வெச்சிடுங்க," என்றாள் அஞ்சலாட்சி.

மிஷின் பெட்டியை என்ன செய்வது என்று கோவிந்தராசு கேட்டான். அவள் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவர் சாய்ந்திருந்தபடியே அடுக்கிக்கொண்டிருந்தாள்.