ஒரு மணி நேர வேர்வை

எங்க வூட்டுக்காரரு ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிச்சா ஒரு லிட்டர் இருநூறு மில்லி வேர்க்கும். இதக் கண்டுபுடிச்சது நான் இல்ல, டாக்டரும் இல்ல. அவரு கம்பெனியில குவாலிட்டி இன்ஜினியரா இருக்குற கலைமதி. பதினோரு வருஷமா அந்தாளு பனியனத் தொவைக்கிறவ நான், கணக்கு தெரிஞ்சது அவளுக்கு. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

வெவரமா சொல்றேன். எங்க வூட்டுக்காரரு பேரு ஃபிரடி. ஒரகடத்துல லாரி பார்ட்ஸ் கம்பெனியில மெயின்டனன்ஸ். நான் ஜோஸ்லின், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில லைன் வேல. சுங்குவார்சத்திரத்துல வாடகை வூடு. போன வருஷம் அவருக்கு ஒரு ஆசை வந்துச்சு. கடல்ல நாலு கிலோமீட்டர் நீந்தி, நூத்தியெம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, அப்புறம் நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடணும். எல்லாம் ஒரே நாள்ல. கலைமதி அந்த மாதிரி ரேஸ ஏற்கெனவே ரெண்டு தடவ முடிச்சவ. அவதான் இவருக்கு ஆசையக் கெளப்பி வுட்டா. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசைக்கு நான் தனியாப் போக ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆவுது.

அவ இவர ஃபிரடின்னு பேரச் சொல்லித்தான் கூப்புடுவா. உங்களுக்கு அடையாளம் தெரியணும்னு இப்ப நானும் சொன்னேன், மத்தபடி இன்னி வரிக்கும் அவரு மூஞ்சிக்கு நேரா அந்தப் பேர நான் சொன்னதில்ல. இவரு அவள மேடம்னுவாரு. வாய் நெறைய.

சைக்கிள்ல தண்ணி வெக்கிறதுக்கு ஒரு படிப்பு கீதுன்னு அவ வந்தப்பறம்தான் தெரிஞ்சுது. ஹேண்டில் மேல, ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு பாட்டில். அதுலேர்ந்து ஒரு குழாய் வாய்கிட்ட நீட்டிக்கினு நிக்கும், கைய எடுக்காமயே உறிஞ்சிக்கலாம். சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கூண்டு. மொதல்ல அதுல வெச்ச பாட்டில் ஸ்பீட் பிரேக்கர்ல எகிறி லாரி சக்கரத்துல போயி நசுங்குச்சு. கலைமதி பழைய ட்யூப வளையமா வெட்டிப் போட்டு இறுக்கிக் குடுத்தா. எங்க வூட்டு வாசல்ல குந்திக்கினு, கையெல்லாம் கரி பூசிக்கினு செஞ்சா. நான் டீ போட்டுக் குடுத்தேன், வேணும்னே சர்க்கரயக் கொறச்சு.

அந்த ஒண்ணு இருநூறும் அவ கண்டுபுடிச்சதுதான். கம்பெனி ஸ்டோர்ஸ்ல பார்ட்ஸ் எடை போடுற மெஷின்ல இவர ஏத்தி நிக்க வெச்சா. ஒரு மணி நேரம் சொட்டுத் தண்ணி குடிக்காம மிதிக்க வுட்டு, திரும்ப ஏத்துனா. கொறஞ்ச எடைதான் வேர்வைன்னா. இவரு வூட்டுக்கு வந்து அத மார்க் ஷீட்டு வாங்குன புள்ள மாதிரி சொல்றாரு. நான் சட்டினி அரைச்சிக்கினு இருந்தேன். மிக்ஸிய நிறுத்தவே இல்ல.

ரேஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கணும்னு முடிவு பண்ணாங்க. சனிக்கெழம சாயங்காலம் கலைமதி என் சமையக்கட்டுக்கே வந்துட்டா, ஒரு குட்டித் தராசும் நாலஞ்சு பொட்டலமும் எடுத்துக்கினு. "அக்கா, ஒரு பெரிய பாத்திரம் இருக்குமா?"ன்னா. எடுத்துக் குடுத்தேன். நாலு மணி நேரத்துக்கு வேண்டிய சர்க்கரையும் உப்பும் ஒரே பாட்டில்ல கெட்டியாக் கலக்கணுமாம். வழி நெடுக குடிக்கிற தண்ணி மொத்தத்தையும் சைக்கிள்ல சொமக்க முடியாது. வெறுந்தண்ணி எங்க வேணா கெடைக்கும், அத முன்னாடி பாட்டில்ல ரொப்பிக்கலாம். பின்னாடி பாட்டில்லேர்ந்து மணிக்கு ஒரு கோடு அளவு கெட்டியக் குடிச்சிட்டு, முன்னாடி இருக்குற தண்ணிய உறிஞ்சணும். இதெல்லாம் அவ அன்னிக்கே சொன்னா. நான் குக்கர டமால்னு வெச்சுக்கினு, பீரோக் கதவ சாத்திக்கினு, ஒண்ணுத்தையும் காதுல வாங்கல. பாட்டில் மேல வெள்ள டேப் ஒட்டி, கோடு போட்டு, அழகான கையெழுத்துல 1, 2, 3, 4ன்னு அவ எழுதுனத மட்டும் பாத்தேன்.

பாட்டில ஃபிரிட்ஜுல வெச்சிட்டுப் போயிட்டா. அவரு சீக்கிரம் படுத்துட்டாரு. நான் தண்ணி எடுக்க ஃபிரிட்ஜத் தொறந்தா, என் மாவு டப்பாவுக்குப் பக்கத்துல அவ கையெழுத்து நிக்குது. மணிக்கொரு தரம் அவ கலந்தத குடிப்பாராம், நான் கலந்தது எறங்காதாம். ஓவர்டைம் முடிஞ்சு வந்து மடக்கு மடக்குன்னு என் எலுமிச்சம்பழத் தண்ணிய குடிச்ச ஆளு அவரு. எடுத்து சிங்க்ல கவுத்துட்டேன். ரெண்டு பழம் புழிஞ்சு, எப்பவும் போடுற அளவு சர்க்கர, உப்பு, கொஞ்சம் இஞ்சி. பாக்க அதே மாதிரிதான் கலங்கலா இருந்துச்சு. டேப்ப மட்டும் கிழிக்கல.

காலைல அஞ்சு மணிக்கெல்லாம் ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. ஒரகடம் ரோட்டுல போயிப் போயித் திரும்பணும். நான் எட்டரை பூசையில ஒக்காந்துக்கினு ஃபாதர் பிரசங்கத்தக் கேக்காம மணியப் பாத்துக்கினு இருந்தேன். இப்ப மூணாவது கோடு. என்னுத குடிக்கிறாரு, அவளுக்குத் தெரியாது. சாமி முன்னாடி ஒக்காந்துக்கினு அப்டி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஃபாதர் கையால நன்மை அப்பம் வாங்கிட்டுத் திரும்புறப்போ போன் அடிச்சுது. கலைமதி. "அக்கா, பயப்படாதீங்க. ஃபிரடிக்குக் கொஞ்சம் முடியல. ஒரகடம் கூட்ரோடுகிட்ட டீக்கடையில உக்காந்திருக்கோம்."

ஸ்கூட்டிய எப்டி ஓட்டிக்கினு போனேன்னு எனக்கே தெரியாது. அவரு டீக்கடை பெஞ்சுல சாஞ்சு கெடந்தாரு. ரெண்டு காலும் முறுக்கிக்கினு, சட்டையெல்லாம் வாந்தி. நான் யாருன்னு தெரிஞ்சிக்கவே அவருக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. கலைமதி அவ பாட்டில்லேர்ந்து அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கினு இருந்தா. பாட்டில் பாட்டிலா வெறுந்தண்ணியக் குடிச்சு, ஒடம்புல உப்பு எறங்கிப் போச்சுன்னா. 

அவருக்குக் கொஞ்சம் தெளிஞ்சதும், அவ பின்கூண்டுலேர்ந்து அந்த பாட்டில எடுத்தா. மூடியத் தொறந்து ஒரு சொட்டு நாக்குல வெச்சா. அப்டியே என்னப் பாத்தா. நான் கீழ பாத்தேன்.

"சாரி ஃபிரடி," ன்னா. "நேத்து நான்தான் அளவ தப்பாப் போட்டுட்டேன் போல."

அங்கதான் எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. வேர்வையும் அவளுக்குத் தெரியும், பாட்டிலும் அவளே இறுக்குவா, இப்ப என் தப்பையும் அவளே சொமந்துக்கினு பெரிய மனுஷி ஆவணுமா. அவ போட்ட பிச்சையில நான் காலம் பூரா அவருகூட வாழணுமா.

"அவ இல்லீங்க," ன்னேன். "நான்தான். அவ கலந்தத சிங்க்ல ஊத்திட்டு என்னுத ஊத்தி வெச்சேன்."

டீக்கடைக்காரரு கூட ஆத்துறத நிறுத்திட்டாரு. எங்க வூட்டுக்காரரு கண்ண மூடிக்கினாரு. திட்டுவாருன்னு காத்துக்கினு நின்னேன்.

"தெரியும் ஜோசி," ன்னாரு. "மொத வாயிலயே தெரிஞ்சுது, உன் எலுமிச்சம்பழம்னு."

"அப்புறம் ஏங்க குடிச்சீங்க?"

"நீயும் மேடமும் பேசிக்கினு கலந்திருப்பீங்கன்னு நெனச்சேன். மனசுக்கு நல்லா இருந்துச்சு. அதான் கோடு தாண்டாம குடிச்சேன்."

நான் அந்த டீக்கடையிலயே, அவ எதிர்லயே, முந்தானைய வாயில வெச்சுக்கினு அழுதேன்.  என் ஸ்கூட்டி சாவி கீழ வுழுந்து கெடந்துச்சு, அவ அத எடுத்து என் கையில வெச்சிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவ ஆட்டோ கூப்டப் போனா.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு வெச்சிருந்தாங்க. ரெண்டு வாரம் சைக்கிளத் தொடக்கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்க. மூணாவது வாரம் கலைமதி அந்தக் குட்டித் தராசையும், ஆளு ஏறி நிக்கிற மெஷின் ஒண்ணையும் எங்க வூட்டுல கொண்டாந்து வெச்சா. "அக்கா, இனிமே நீங்க கலக்குங்க. அளவ எழுதித் தரேன்,"ன்னா. இந்தத் தடவ நான் குக்கர வெக்கல. ஒவ்வொண்ணா கேட்டு காலண்டர் தாள்ல எழுதிக்கினேன். அவ போறப்போ நான் குடுத்த டீயில சர்க்கர சரியா இருந்துச்சு.

மறுநாள் அவர ஒரு மணி நேரம் மிதிக்க வுட்டேன், சொட்டுத் தண்ணி குடுக்கல. போறதுக்கு முன்னாடியும் வந்தப்பறமும் மெஷின்ல ஏத்துனேன். ரெண்டு தடவ கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். ஒண்ணு இருநூறு வரல. ஒரு லிட்டர் முந்நூத்தம்பது வந்துச்சு. ஏன்னு எனக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு.

போன எடுத்துக் கலைமதிக்கு அனுப்புனேன்: "ஒண்ணு முந்நூத்தம்பது. உங்க கணக்குல நூத்தம்பது கொறையுது. கலவைய மாத்தணும்."

"எப்படிக்கா? நான் நல்ல மெஷின்லதான பாத்தேன்"ன்னு ஒடனே பதில் போட்டா.

"நீங்க நனைஞ்ச டிரெஸ்ஸோட நிக்க வெச்சீங்க. மீதி வேர்வை அதுலயே இருந்திருக்கும்,"ன்னு எழுதுனேன். கொஞ்சம் யோசிச்சேன். அப்புறம் இன்னொரு வரியும் சேத்து அனுப்புனேன். "நான் கதவ சாத்திட்டு, துணி இல்லாம நிக்க வெச்சேன்."

ரெண்டு நீலக் கோடும் வந்துடுச்சு. நான் போனக் கவுத்து வெச்சிட்டு, அவரு பனியனத் தொவைக்கப் போனேன்.