மசக்கை மாதா

பச்சையாய்க் கிடந்தது மாதாவின் முகம், கண் இல்லை, உதடு இல்லை, வெறும் பச்சை, முட்டையின் மஞ்சள்கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி, அதன் தோலைக் குத்தி, வழிந்த கருவில் பச்சை மண்பொடியைக் குழைத்துப் பிலோமிதான் அதைப் பூசிக்கொண்டிருக்கிறாள், அந்தக் காலத்து இத்தாலிக்காரர்கள் முகத்தை இப்படித்தான் ஆரம்பித்தார்கள், அடியில் பச்சை, மேலே மெல்லிசாய்ச் சிவப்பும் வெள்ளையும், அப்போதுதான் தோலுக்குள் ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும், ரோமாபுரியில் படித்துவிட்டு வந்த வியாகுலம் சாமியாருக்குத் தன் கடற்கரைக் கோயில் பீடத்துக்கு அப்படியொரு மங்கள வார்த்தைப் படம் வேண்டும், நீ ஆண்டவரைப் பெறப்போகிறாய் என்று கபிரியேல் தூதர் வந்து சொல்ல, மாதா திடுக்கிட்டு நிற்கிற படம், ஓவியக் கல்லூரியில் ஒன்றாய்ப் படித்த பிலோமியையும் கஸ்பாரையும் அதற்காக வரவழைத்தவர் முதல் நாளே சொல்லிவிட்டார், பிலோமி, அடிப்பூச்சு, அங்கி, லீலிப்பூ எல்லாம் நீ பாத்துக்கோம்மா, முகம் மட்டும் கஸ்பார் போடட்டும். முகம் மட்டுமாம்.

வயிறு எரியாமல் என்ன செய்யும், கல்லூரியிலும் இதே கதைதான், விடிய எழுந்து நூலகத்துப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவள் இவள், பரிசு வாங்க மேடை ஏறினவன் அவன், தலைகூட வாராமல், செருப்புத் தேயத் தேய நடந்துகொண்டு, நல்லவன் வேறு, அதுதான் இன்னும் ஆத்திரம், திட்டுவதற்குக்கூட இடம் கொடுக்கமாட்டான், தூதர் கையிலிருக்கும் லீலிக்கு அவள் பதினோரு நாள் எடுத்தாள், ஒவ்வொரு இதழின் விளிம்பும் தனித்தனி, நடுவே மகரந்தம் இல்லை, பழைய ஓவியர் சிலர் மாதாவின் கன்னிமைக்கு அடையாளமாய் அதை விட்டுவிடுவார்கள், கஸ்பார் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், ஏ பிலோமி, பூவுக்கு நடுவுல ஒண்ணையும் காணுமே, மறந்துட்டியா, மறக்கல, அதுக்கு அர்த்தம் இருக்கு, அப்படியா, எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது, என்று தலையைச் சொறிந்துகொண்டு போனவன் இரண்டே காலையில் கண்களைப் போட்டு முடித்தான், அடடா, அந்தக் கண்கள், பயமும் சம்மதமும் சேர்ந்து நிற்கிற கண்கள், கோயிலைப் பெருக்க வந்த பொம்பளைகள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், லீலிப்பூவை ஒருத்தி பார்க்கவேண்டுமே, பொறாமைதான், அதற்கு வேறென்ன பேர், அவளுக்கே தெரியும்.

கன்னத்துக்கு அவன் எடுத்தது பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்பு, ரோஜா இதழ் மாதிரி ஒரு நிறம், எந்த வண்ணத்தையும் ஒரு துண்டுப் பலகையில் தடவி ஜன்னல் வெயிலில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது பிலோமியின் வழக்கம், இந்தச் சிவப்பையும் வைத்திருந்தாள், பக்கத்தில் தடவிய சாதிலிங்கச் சிவப்பு அப்படியே இருக்க இது மட்டும் சோகை பிடித்து வெளுத்துப் போயிருந்தது, அந்தப் பலகை அவள் பைக்குள்தான் இருக்கிறது, கஸ்பார் தூரிகையைத் தோய்த்துவிட்டுத் திரும்பிக் கேட்கிறான், பிலோமி, நீதான் இதெல்லாம் சோதிச்சுப் பாப்பியே, இந்தச் செவப்பு நிக்குமா, பீடத்துக்கு நேரே பெரிய ஜன்னல், காலை வெயில் முழுக்க மாதா முகத்தில்தான், நிக்கும், என்றாள், நல்லா நிக்கும், போடு.

பதினாலு வருஷம், கஸ்பார் பேரும் புகழுமாய் எங்கேயோ போய்விட்டான், இவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுக்கிறாள், அந்தக் கோயில் மாதா பச்சையாயிட்டாளாமே என்று யாரோ சொன்னதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள், ஜன்னலோரத்தில் கண்ணயர்ந்தபோது அவள் தூரிகை மறுபடியும் பச்சையைப் பூசுகிறது, கஸ்பார் கேட்டுக்கொண்டே இருக்கிறான், நிக்குமா, நிக்குமா, அவள் சிரித்துக்கொண்டே விழித்தாள், இறங்கி நடந்தால் கோயில் வாசல்வரை வரிசை, அத்தனை பேரும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள், கையில் பச்சைக் கண்ணாடி வளையல், என்ன விசேஷம் என்று முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டாள், மசக்கை மாதா தெரியாதாக்கா, எனக்கு மூணு மாசம், ஒரு வாய் சோறு எறங்கல, அந்த மூஞ்சியப் பாருங்க, அவளுக்கும் எறங்கல, மாசமா இருக்கவ மூஞ்சி எப்படிச் செவக்கும், பச்சையால்லா போகும், இங்க வந்து வளையல் வெச்சா வாந்தி நிக்கும், கஸ்பார்னு ஒரு பெரிய ஓவியராம்க்கா, பொம்பள கஷ்டம் தெரிஞ்சு வரைஞ்சிருக்காரு பாருங்க, நல்லா இருக்கட்டும் மகராசன்.

அடிப்பாவி, அந்தப் பச்சை நான் பூசினதுடி, என்று பிலோமிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதைச் சொன்னால் மேலே இருந்த சிவப்பு வெளுத்து அது வெளியே தெரிந்தது எப்படி என்றும் சொல்லவேண்டும், பைக்குள் இருந்த பலகையைச் சொல்லவேண்டும், நிக்கும் என்று சொன்ன வாயைச் சொல்லவேண்டும், வரிசை நகர்ந்து அவளைப் பீடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது, பச்சையாய் இருந்தது மாதாவின் முகம், கண்கள் இருந்தன, பயமும் சம்மதமுமாய் அவன் வரைந்த அதே கண்கள், சுற்றிலும் அவள் பூசிய பச்சை, பதினாலு வருஷத்துக்கு முன் முட்டைக்கருவில் குழைத்து அவள் கையால் பூசியது, ஊரே அதைக் கும்பிடுகிறது, பின்னால் நின்றவள் முதுகைத் தொட்டாள், யக்கா, வளையல் கொண்டுவரலியா, இல்லம்மா, சரி, கும்புட்டாச்சுன்னா நகருங்க, என்றாள், பிலோமி நகர்ந்து கொடுத்தாள்.