பூநாரை எட்டிப் பார்த்த சாராள்

மீஞ்சூர் ஸ்டேஷன் ரோட்டில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். அதனால்தான் அந்தச் சுவர் ஜனங்கள் கண்ணில் பட்டது. அதுவரை எல்லோரும் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இப்போது சுவரை ஒட்டிய குறுகலான இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. முன்னால் போகிறவர் நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

அப்படி நின்ற ஒரு காலையில் பிரின்சி கத்தினாள்.

"சாராக்கா, இங்க பாருங்க! நீங்க!"

இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார்கள். சாராள் அங்கே சூப்பர்வைசர். வேலை நேரத்தில் யாராவது கொட்டாவி விட்டால் அவள் ஒரு பார்வை பார்ப்பாள். பாதிக் கொட்டாவியிலேயே வாய் மூடிக்கொள்ளும்.

சுவர் நீளத்துக்கும் ஒரு பிளாட்ஃபாரத்தை வரைந்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பழவேற்காடு ஏரியின் பூநாரைகளும் ஒற்றைக் காலில் காத்திருந்தன. பெஞ்சில் ஒரு பெண். கம்பெனி நீலக் கோட்டு, மணிக்கட்டில் சுற்றிய மஞ்சள் பூப்போட்ட பை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். ஒரு பூநாரை கழுத்தை வளைத்து அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

சாராள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அதே பை.

"நான் இல்ல இது," என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பெண்கள் சுவருக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு செல்ஃபி எடுத்தார்கள். வேலை நேரத்தில் சாராள் முறைத்தபோது ஒருத்தி கொட்டாவியை மூடுவதற்குப் பதில் சிரித்தாள். அதைத்தான் சாராளால் தாங்க முடியவில்லை.

சுவரின் மூலையில் 'ஜபீன், பழவேற்காடு' என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சாராள் பிரின்சியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"நாலு வார்த்த நறுக்குனு கேக்காம வரமாட்டேன்."

"அக்கா, பொறுமையா பேசுங்க."

"நான் இன்னா, அடிக்கவா போறேன்?"

பழவேற்காட்டில் விசாரித்தவுடன் வீட்டைக் காட்டிவிட்டார்கள். கதவைத் திறந்த இளம்பெண் சாராளைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கூவினாள். "அம்மா! பெஞ்ச் அக்கா வந்துகீறாங்க! அவங்களே வந்துட்டாங்க!"

சாராள் நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் ஜபீனின் அம்மா பத்ருன்னிசா அவள் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தாள். இறால் குழம்பு வாசனை வீடு முழுக்க இருந்தது. சாப்பிட்ட பிறகுதான் பேச்சு என்று தட்டை வைத்தாள்.

"எத்தினி நாள் வெயில்ல நின்னு வரைஞ்சேன், தெரியுமாக்கா?" என்றாள் ஜபீன். "ஒருத்தர்கூட நின்னு பாக்கல. ஒருத்தர் அது மேலயே சைக்கிள சாய்ச்சிட்டுப் போனாரு. தேடிக்கினு வந்த மொத ஆள் நீங்கதான்."

"அதுக்கு என் வாய்தான் கெடச்சுதா?"

"பிளாட்ஃபாரத்துல எல்லாரும் செல்போனத்தான் மொறச்சிக்கினு இருந்தாங்க. நீங்க மட்டும்தான் அவ்ளோ நிம்மதியா தூங்கினீங்க. அதப் பாத்துதான் இந்தப் படமே தோணுச்சு. ஒங்களதான் மொதல்ல வரைஞ்சேன்."

சாராள் இன்னும் இரண்டு இறாலைத் தட்டில் போட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, வந்து வாய மட்டும் மூடிடு," என்றாள்.

அடுத்த ஞாயிறு ஜபீன் பெயின்ட் டப்பாக்களோடு வந்தாள். பிரஷைத் தொட்டதுமே எதிர்த்த ஸ்டாண்டிலிருந்து ஆட்டோக்கார சாம்சன் ஓடிவந்தான்.

"இன்னாமா பண்ற? அந்த வாயில கைய வெச்ச, பேஜாராயிடும்! என் பொண்ணு அதுக்கு டாட்டா சொல்லாம ஸ்கூலுக்குப் போவாது!"

கூட்டம் சேர்ந்தது. வாயை மூடக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. படத்தில் முதுகு காட்டி நிற்பவர் தான்தான் என்று சாம்சன் சாதித்தான். பூக்காரி ரோசம்மாள் அது தன் வீட்டுக்காரர் முதுகு என்றாள். சுவரில் இத்தனை பேர் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

சாராள் அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நன்றாகத் தூங்கியிருக்கிறேனே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மெல்லச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. பிரின்சி பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

"வாய் அப்பிடியே இருக்கட்டும்," என்றாள் சாராள், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜபீனைப் பார்த்து. "ஆமா, நீ எங்க கீற இதுல?"

"நானா? நான் இல்லக்கா."

"வரைஞ்சவளே இல்லாம இன்னா படம்? ஒக்காரு, என் பக்கத்துல."

படத்தில் அந்தப் பெஞ்சில் இடம் இருந்தது. ஜபீன் வெட்கப்பட்டுக்கொண்டே தன்னை வரையத் தொடங்கினாள். சாராள் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தாள். சாம்சன் எல்லோருக்கும் டீ சொன்னான். முகம் முடியும் வரை ஒருவரும் நகரவில்லை.

"மூக்க கொஞ்சம் பெருசாக்கு," என்றாள் சாராள் குனிந்து பார்த்து. "ஒனக்கு அவ்ளோ சின்ன மூக்கு இல்ல."