அலமாரியிலிருந்து இறங்கிய குக்கர்

ஆடி மழை மூன்று நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தேச்சம்மா பன்றிக்கறியில் காச்சம்புளிச் சாறு விட்டுக் கறுகறுவென்று இறக்கிவைத்துவிட்டு, கடம்புட்டு உருண்டைக்கு அரிசி நொய்யைக் கிளறிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளும் கணவர் பூவய்யாவும் மட்டும்தான். சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வண்டியும். பூவய்யா சமையலறைக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

"தேச்சு, பாகமண்டல ரோட்டுல பெரிய மரம் விழுந்து கெடக்கு. தலைக்காவேரிக்கு வந்தவங்க, பாவம், நடுவழியில மாட்டிக்கிட்டு நின்னாங்க. கூட்டிட்டு வந்துட்டேன்."

"எத்தன பேரு?"

"அஞ்சு."

"அவ்வளவுதானே? கறி நெறைய இருக்கு. புட்டு இன்னும் ரெண்டு ஈடு வச்சாப் போதும்."

பூவய்யா தொண்டையைச் செருமினார். "ஹாவேரிப் பக்கத்துக்காரங்க. பெரியவரு வாத்தியாரா இருந்தவரு. கழுத்துல லிங்கம் கட்டியிருக்காங்க, கறி தொட மாட்டாங்க."

தேச்சம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். வீடு முழுக்க, பரண் வரைக்கும், பன்றிக்கறி மணந்துகொண்டிருந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"எப்பச் சொல்றது? எனக்கே வழியிலதான் தெரிஞ்சுது."

"ஆளக் கூப்பிட மட்டும் வாய் முன்னாடி வந்துரும் உங்களுக்கு. போங்க, தொவட்டத் துண்டு எடுத்துக் குடுங்க."

கோபமெல்லாம் அந்த ஒரு நிமிடம்தான். மழையில் நனைந்து வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா? நறுக்கிய மூங்கில் குருத்து இரண்டு நாளாகத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தேங்காய் இருந்தது. தயிர் இருந்தது. புட்டு அவிக்கும் பானையிலும் ஒட்டி என்கிற அரிசி ரொட்டி சுடும் கல்லிலும் என்றைக்கும் கறி ஏறியதில்லை. ஆனால் குழம்பு வைக்க? சட்டி, உருளி, வாணலி, எல்லாமே கறி பார்த்தவை. அவற்றில் வைத்துக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. தனக்குத் தெரியுமே என்று அவள் நினைத்தாள்.

அப்போதுதான் கூடத்துக் கண்ணாடி அலமாரி நினைவுக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் தேங்காயைத் துப்பாக்கியால் சுடும் போட்டியில் பூவய்யா வென்ற குக்கர் அதில் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சமைக்கக் கேட்டபோதெல்லாம், "ஜெயிச்ச கப்பை யாராச்சும் அடுப்புல வைப்பாங்களா?" என்பார்.

கூடத்தில் வாத்தியாரும் மகளும் மருமகனும் துண்டால் தலை துவட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். பூவய்யா துப்பாக்கி பிடிப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "மரத்து உச்சியில தேங்கா. காத்துல ஆடுது. ஒரே குண்டு! அதுக்குக் குடுத்ததுதான் இதோ இந்த..."

திரும்பினார். தேச்சம்மா குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"தேச்சு!"

"விருந்தாளியக் கூட்டிட்டு வந்தது யாரு?"

பூவய்யா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாத்தியார் மெல்லச் சிரித்தார்.

குருத்து வெந்துகொண்டிருக்கும்போது வாத்தியாரின் மனைவி கிரிஜவ்வா உள்ளே வந்தாள். தேச்சம்மா பதறிப்போய்க் கறிச்சட்டியின் மேல் ஒரு மூடி, அதன் மேல் ஒரு முறம் என்று கவிழ்த்தாள்.

"ஏம்மா மறைக்கிற? உங்க வீட்டுல உங்க சாப்பாடு. நாங்கதான் சொல்லாம வந்தவங்க," என்றாள் கிரிஜவ்வா. "மாவை இப்படிக் குடு. எங்க ஊர்ல சோள ரொட்டி தட்டுன கை இது. அரிசி மாவைத் தட்டாதா என்ன?"

தட்டியது. முதல் ஒட்டி விரிந்து கிழிந்தது. இரண்டாவது நட்சத்திரமாய் வந்தது. இருவரும் சிரித்த சிரிப்பு கூடம் வரை கேட்டது. நான்காவதிலிருந்து நிலவாய் வட்டம்.

அந்த நேரம் அவர்களுடைய காரை ஓட்டி வந்த ஹனுமந்தன் பின்வாசலில் தயங்கித் தயங்கி நின்றான்.

"அக்கா, மூணு நாளா தயிர்சோறும் புளிச்சோறும் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு. அந்த மூடுன சட்டில..."

"அவனுக்குப் போடும்மா," என்றாள் கிரிஜவ்வா. "வண்டியில ஏறுனதுலேர்ந்து மூஞ்சிய ஏழு மொழத்துக்குத் தொங்கப் போட்டிருக்கான்."

பூவய்யாவுக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டது. குக்கர் போன துக்கத்தை மறந்து அவனோடு பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் வாத்தியார் மூங்கில் குருத்துக் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். மருமகன் தலை நிமிராமல் ஒட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் எழுந்தபின் தேச்சம்மா பாத்திரம் ஒழிக்கப் போனாள். கிரிஜவ்வா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீ சாப்பிடு. நான் பரிமாறுறேன்."

"ஐயோ, வேணாம்மா. நீங்க விருந்தாளி."

"உன் கறிய நீயே போட்டுக்க, நான் தொட மாட்டேன். புட்டு நான் வைப்பேன்ல?"

கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருடத்தில், இந்தச் சமையலறையில் இன்னொருவர் பரிமாறித் தேச்சம்மா சாப்பிட்டதில்லை. கூச்சத்தோடு நான்கு துண்டு கறி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கிரிஜவ்வா பக்கத்திலேயே உட்கார்ந்து, குருத்தை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும், தண்ணீர் எத்தனை தரம் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொல்லிக்கொண்டே தேச்சம்மா மூன்று புட்டு சாப்பிட்டுவிட்டாள். நான்காவதை வேண்டாம் என்று சொல்வதற்குள் அது தட்டில் விழுந்துவிட்டது. அதையும் சாப்பிட்டாள்.